வெந்நீர்த் தலைவலி

டிசம்பர் 1, திங்கள்

பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிவிட்டது. பள்ளியில் இருந்தவரை ஒரு நாள் விடாமல் தலைமையாசிரியர் குறிப்பேடு எழுதினேன். யார் தாமதமாக வந்தார், யார் பொய் சொன்னார், யார் உண்மையிலேயே காய்ச்சலோடு வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்பேடு இல்லாமல் கை பரபரவென்று இருக்கிறது. இன்று முதல் வீட்டுக்கும் ஒன்று எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வீட்டில் மொத்தம் மூன்று பேர். நான், அவர், மருமகள் ஷைனி. மகன் எட்வின் ஓசூரில் கம்பெனி விடுதியில் இருக்கிறான். அங்கே வாடகைக்கு வீடு அமையும்வரை ஷைனி எங்களோடு குன்னூரில் இருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். மூவரில் ஒழுங்காக இருப்பது ஒருவர். யார் என்று எழுத வேண்டியதில்லை.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. வழக்கம்போல் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடக்கப் போனேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு நோய் வராது என்று முப்பது வருடம் பிரார்த்தனைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் கேஸ் கீசர் வெந்நீர்தான் வேண்டும். நாலு வருடத்துக்கு முன் எட்வின் அப்பாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

நடந்துவிட்டு வரும்போதும் அவர் குளியலறையில்தான் இருந்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உள்ளே போனால் பாடகர். ஒரு பாட்டு முழுசாக முடியாமல் வெளியே வரமாட்டார். கதவைத் தட்டினேன்.

"என்னங்க, இன்னும் முடியலையா?"

"உள்ளேன் டீச்சர்!"

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த அசட்டுத்தனம். எப்போது கதவைத் தட்டினாலும் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல் இதையே சொல்கிறார். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

டிசம்பர் 3, புதன்

குரங்கு மறுபடியும் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய ஷேவிங் கிரீமையும் பிதுக்கித் தின்றுவிட்டு, பிடிக்காமல் சுவரெல்லாம் துப்பி வைத்திருக்கிறது. குளியலறை ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் இருந்தன. போன வருடமே குரங்குகள் நாலைப் பிடுங்கிவிட்டன. அந்த வழியாகத்தான் வருகின்றன.

அடைக்க என்ன இருக்கிறது என்று பரணில் தேடினேன். என் பாராட்டு விழாவுக்கு வைத்த பிளக்ஸ் மடித்தபடி கிடந்தது. 'அறிவொளித் தாயே வாழ்க' என்ற எழுத்துக்குக் கீழே என் முகம். நல்ல கனமான பிளக்ஸ், காற்றுப் புகாது. அவர் ஸ்டூல் போட்டு ஏறி வெளிப்பக்கமிருந்து ஆணி அடித்தார். படம் உள்பக்கம் தெரியட்டும் என்று நான்தான் சொன்னேன். மழையில் வீணாகக்கூடாது அல்லவா.

"இனிமே குளிக்கும்போதும் நீ பாத்துக்கிட்டே இருப்ப" என்றார்.

"நல்லதுதானே."

"அது இல்ல சுகிர்தம். கேஸ் எரியுற இடம். கொஞ்சம் காத்து வர வேண்டாமா?"

"டிசம்பர் மாசத்துல யாருக்குங்க காத்து வேணும்?"

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேள்வியைச் சரியாகக் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் அவருக்குத் தலைவலி. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கிளம்புங்கள் என்று நின்றேன். கிளம்பினார். வழியெல்லாம் குளிர் காற்று. சர்ச்சில் இரண்டாவது பாட்டுக்குள் வலி போய்விட்டது. தொண்டை கிழியப் பாடினார்.

தலைவலியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த ஆள் வேண்டாம். உண்மையான வலி இடம் பார்க்காது. பொய் வலி இடம் பார்த்து வரும், இடம் மாறினால் போய்விடும். பள்ளிக்கூட வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுபவன் அப்பாவின் ஸ்கூட்டர் திரும்பியதும் துள்ளிக்கொண்டு ஏறுவான். அவருக்கு வந்திருப்பது அந்த வகை. இந்த வயதில்.

டிசம்பர் 10, புதன்

இப்போது ஷைனிக்கும் தலைவலி. குமட்டலும் இருக்கிறதாம். விசேஷமா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை என்றாள். பிறகு எதற்குக் குமட்ட வேண்டும்?

டிசம்பர் 11, வியாழன்

சிலிண்டர் வழக்கத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ராத்திரி யாரோ எழுந்து நூடுல்ஸ் செய்கிறார்கள். பெயர் எழுதவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

ஷைனி தோழியின் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருக்கிறாள். இரண்டு நாளாக போட்டோ போட்டோவாக அனுப்புகிறாள். எல்லாவற்றிலும் பல் தெரிகிறது. போன் செய்து தலைவலி எப்படி என்று கேட்டேன்.

"சுத்தமா இல்ல அத்தை. இங்க வந்ததுல இருந்து நல்லா இருக்கேன்."

"அப்படியா. சந்தோஷம்."

வசமாக மாட்டிக்கொண்டாள். மாமியார் வீட்டில் வலி, மண்டபத்தில் வலி இல்லை. எட்வினுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமலும் இருக்க முடியாது.

எனக்கு இந்தக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லை. பச்சைத் தண்ணீர்.

டிசம்பர் 16, செவ்வாய்

எனக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள் இன்று என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

காலையில் குளியலறைக்குள் போனால் பிளக்ஸில் என் படத்துக்கு மீசை. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் கருகருவென்று ஒரு கோடு. நெற்றியிலும் ஒரு தீற்றல். கோயமுத்தூரிலிருந்து நேற்று ராத்திரி வந்தவள், காலையில் முதலில் குளித்தவள், கண்மை வைத்திருப்பவள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

"நான் எதுக்கு அத்தை மீசை வரையப் போறேன்?" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு.

அவர் போய் விரலால் தொட்டுப் பார்த்தார். "மை இல்ல சுகிர்தம், கரி. கீசர் பக்கத்துச் சுவர்லயும் இருக்கு பாரு. ரெண்டு வாரமா தீயும் மஞ்சளாத்தான் எரியுது. முன்னாடி நீலமா இருக்கும்."

"நீலமா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன? தண்ணி சுடுதா இல்லையா?"

"முன்ன மாதிரி சுடல. ஆனா பாக்க அழகா இருக்கு. குத்துவிளக்கு மாதிரி."

மருமகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்த மனிதர் எதையும் கண்டுபிடிப்பார். துணியும் சோப்புத்தூளும் கொடுத்து அவரையே துடைக்கச் சொன்னேன். துடைத்தார். மூச்சு வாங்கியது.

டிசம்பர் 17, புதன்

மீசை திரும்ப வந்துவிட்டது.

டிசம்பர் 18, வியாழன்

கீசரோடு வந்த கையேட்டை ஷைனி எங்கிருந்தோ எடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அத்தை, வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும்னு போட்டிருக்கு. நாம ஒரு தடவைகூட பண்ணலைன்னு மாமா சொல்றாங்க. ஒரு தரம் படிச்சுப் பாருங்களேன்."

படித்தேன். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், வினைமுற்று இல்லாத வாக்கியம். சிவப்புப் பேனா எடுத்துத் திருத்த ஆரம்பித்ததில் முதல் பக்கம் முழுவதும் இரத்தக்களரி. இப்படிப்பட்ட தமிழ் எழுதுகிறவன் சொல்லும் எதையும் நம்பத் தேவையில்லை. இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு போட்டு, 'மீண்டும் எழுதுக' என்று குறித்து, கம்பெனி முகவரிக்கே தபாலில் அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

ஷைனி என்னைக் கேட்காமல் கீசர் ரிப்பேர் செய்கிற ஆளை வரச் சொல்லியிருக்கிறாள். வாசலில் பையோடு நின்றவனைப் பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. கிளமெண்ட். என் பள்ளியில் ஏழாம் வகுப்பு பி பிரிவு. தாத்தா செத்துவிட்டார் என்று ஒரே வருடத்தில் மூன்று விடுப்புக் கடிதம் கொடுத்தவன். மூன்றாவது கடிதத்தை அந்தத் தாத்தாவிடமே கொடுத்தனுப்பினான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள், தலையில் பாதி முடி இல்லை.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "டீச்சர் வீடுன்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்றான்.

"செருப்பு?"

"வெளிய கழட்டிட்டேன் டீச்சர்."

"மேல் பட்டன்?"

போட்டுக்கொண்டான்.

குளியலறைக்குள் போய் கீசரைப் பற்றவைத்தான். குனிந்து தீயைப் பார்த்தான். சுவரைத் தடவிப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கே நான். இந்தப் பக்கம் திரும்பினான். கதவருகிலும் நான். சட்டென்று இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நேராக நின்றுவிட்டான்.

"டீச்சர், இது வந்து…"

"முழு வாக்கியமா சொல்லு."

"இது… நல்லா எரியுதுங்க டீச்சர்."

"சர்வீஸ் தேவையா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

கொஞ்ச நேரம் பிளக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க டீச்சர்."

பணம்கூட வாங்காமல் ஓடிவிட்டான். கேட்டுக்கொண்டாயா என்று ஷைனியைப் பார்த்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அறை குளியலறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. நெட் அங்கேதான் எடுக்கிறதாம், நாள் முழுக்க அங்கேயே கிடக்கிறாள். குளிருக்கு ஜன்னலையும் திறப்பதில்லை. தலை வலிக்காமல் என்ன செய்யும்? மனது நன்றாக இருந்தால் வலிக்காது.

டிசம்பர் 23, செவ்வாய்

கேரல் பாட சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். வழக்கமாக அவர்தான் முன்னால் நின்று எடுத்துக் கொடுப்பார். இன்று இரண்டாவது அடியிலேயே வரி மறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பாடும் பாட்டு. வாயைத் திறந்தபடி நின்றார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

எல்லாரும் போனபின், "தலை சுத்துச்சு சுகிர்தம்" என்றார்.

"வீட்ல பாடி ஒத்திகை பாத்திருக்கணும்" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் குளியலறையிலும் இப்போதெல்லாம் முழுப் பாட்டு கேட்பதில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. நேரம் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு வந்த எட்வினோடு ஷைனி கிளம்பிவிட்டாள். நாகர்கோவிலில் அம்மா வீட்டில் இருப்பாளாம், ஓசூரில் வீடு கிடைக்கும்வரை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கோச்சுக்காதீங்க. இந்த வீட்ல ஏதோ சரியில்ல. எனக்குச் சொல்லத் தெரியல."

"இந்த வீட்ல ஒழுங்கு இருக்கு ஷைனி. அதுதான் உனக்கு ஒத்துக்கலை."

எட்வின் தலையைக் குனிந்துகொண்டான். அவர் வாசல்வரை போய், வண்டி வளைவில் மறையும்வரை நின்றார். திரும்பி வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொள்ளவில்லை. வெளியே நின்றதில் தெளிந்துவிட்டதாம். பாருங்கள்.

டிசம்பர் 30, செவ்வாய்

குளித்துவிட்டு வந்தால் மதியம்வரை படுக்கை. எழுப்பினால் யாரையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார். சோம்பலுக்கு இடம் கொடுத்தால் வளரும். அவருக்கு ஒரு கால அட்டவணை எழுதி சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் வேலை, குளியல்.

ஜனவரி 3, சனி

"இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கட்டுமா?" என்று கேட்டார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஏன்?"

"தெரியல. குளிச்சு முடிச்சா கால்ல பலம் இருக்க மாட்டேங்குது."

நாற்பது வருடம் போஸ்ட் ஆபீஸில் உட்கார்ந்தே இருந்தவருக்குக் காலில் என்ன பலம் இருக்கும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். சுத்தத்தில் நான் சலுகை தருவதில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி இருந்தது நடை.

ஜனவரி 6, செவ்வாய்

ஜனவரி 8, வியாழன்

மேலே தேதி மட்டும் இருக்கிறது. எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இப்போது எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் முறை.

செவ்வாய்க்கிழமை நடந்துவிட்டு வந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாட்டு இல்லை. காலணியைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னங்க, இன்னும் முடியலையா?"

பதில் இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்தேன். இன்னொரு முறை தட்டினேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளேன் டீச்சர் என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயம் மட்டும் தெரிந்தது.

"வேதமுத்து!"

கத்தியது என் குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவேன். "வேதமுத்து! வேதமுத்து!" என்று கதவை இடித்துக்கொண்டே இருந்தேன். உள்தாழ்ப்பாள் அசையவில்லை.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். ஸ்டூல் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று பிளக்ஸின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நன்றாகத்தான் ஆணி அடித்திருந்தார். இரண்டு கையாலும் இழுத்ததில் நடுவில் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாகச் சூடான கரி நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே மஞ்சள் தீ எரிந்துகொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், தூங்குகிற மாதிரி. முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாகக்கூட இருந்தது. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பக்கத்து வீட்டு டாக்சி டிரைவர் பெள்ளிராஜ் என் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தார். கேஸை மூடினார். இருவருமாக அவரை இழுத்து வாசல் புல்லில் கிடத்தினோம். உறைபனி இன்னும் உருகவில்லை. நான் போர்வை எடுக்க ஓடினேன். "போர்வை அப்புறம் டீச்சர், முதல்ல காத்து படட்டும்" என்றார் பெள்ளிராஜ். காற்று.

அவருடைய டாக்சியிலேயே கொண்டுவந்தோம். அன்றிலிருந்து மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாட்டியிருக்கிறார்கள். நேற்று கண் திறந்தார். என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்ததா, தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. இதை எழுதுவது நான்தான்.

ஜனவரி 9, வெள்ளி

டாக்டர் சின்னப் பெண். ஷைனி வயதுதான் இருக்கும். எரிகிற கேஸுக்குப் போதுமான காற்று கிடைக்காவிட்டால் ஒரு நச்சுவாயு வருமாம். நிறம் இல்லை, மணம் இல்லை. காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி தலைவலி இருந்துச்சாம்மா?"

"டிசம்பர் ஏழாம் தேதியிலிருந்து."

"வெளிய போனா சரியாயிருமா?"

"சர்ச்சில் இரண்டாவது பாட்டுக்குள் சரியாகிவிட்டது."

"வீட்ல வேற யாருக்காவது?"

"மருமகளுக்கு. குமட்டலோடு. கோயமுத்தூரில் இல்லை."

"உங்களுக்கு?"

"நான் பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். அவர்கள் குளிக்கும் நேரம் நடக்கப் போய்விடுவேன்."

"கீசர்ல தீ எந்த நிறத்துல எரிஞ்சுது, கவனிச்சீங்களா?"

"மஞ்சள். அவர் பதினாறாம் தேதி சொன்னார். தண்ணீர் முன்போல் சுடவில்லை என்றும் சொன்னார். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது. சுவரில் கரி. என் படத்திலும் கரி. மீசை மாதிரி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ துல்லியமா யாருமே சொன்னதில்லம்மா. எல்லாத்தையும் கவனிச்சிருக்கீங்க" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

எல்லாக் கேள்விக்கும் தேதியோடு பதில் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். காலில் பலம் இருக்கவில்லை.

பள்ளியில் நான் திருப்பி வகுப்புக்கே அனுப்பிய தலைவலிகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 10, சனி

ஷைனிக்கு போன் செய்தேன். பேச வேண்டியதை மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன்.

"ஷைனி, உன் தலைவலி உண்மை."

"எனக்குத் தெரியும் அத்தை."

அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் அழுதோம். மீசை விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். "நான் வரைஞ்சிருந்தா இன்னும் நல்லா வரைஞ்சிருப்பேன்" என்றாள். எனக்கு அழுகைக்கு நடுவில் என்னவோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னை சுகிர்தம் என்றுதான் கூப்பிடுகிறார். சில பெயர்கள் மட்டும் வர நேரமாகிறது. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாடவில்லை.

என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கும் வழி இல்லை.

சமையலறைக் கதவிலிருந்து கால அட்டவணையைக் கிழித்துவிட்டேன். பசை போகவில்லை, சுரண்ட வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

கிளமெண்ட் வந்தான். ஊரெல்லாம் விஷயம் தெரிந்திருக்கிறது. வாசல்படியிலேயே கைகட்டி நின்று அழுதான்.

"அன்னைக்கே பாத்தேன் டீச்சர். மஞ்சளா எரிஞ்சுது, சுவரெல்லாம் கரி. உடனே நிறுத்தணும், ஜன்னல திறக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அது உங்க படம் டீச்சர். உங்க படத்தை எடுங்கன்னு உங்ககிட்டயே எப்படி டீச்சர் சொல்றது?"

"சொல்லியிருக்கணும் கிளமெண்ட்."

"நீங்க ஒரே வார்த்தையில சொல்லுன்னு சொன்னீங்க டீச்சர்."

ஆமாம். சொன்னேன்.

"கையை எடு" என்றேன். புரியாமல் விழித்தான். "கையைக் கட்டாதடா. சும்மா தொங்கவிட்டு நில்லு. வாயில வந்ததைச் சொல்லு. இந்த வீட்ல இனிமே என்ன செய்யணும்?"

சொன்னான். முதலில் என் கண்ணைப் பார்க்காமல், பிறகு பார்த்து. இந்தக் கீசர் உள்ளேயே இருக்கக்கூடாதாம். பின்பக்கச் சுவரில் வெளியே மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வரவேண்டுமாம். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமாம். தீ மஞ்சளானால், கரி படிந்தால், நெருப்பு அடிக்கடி அணைந்தால் அன்றே கூப்பிட வேண்டுமாம். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டால் குரங்கும் வராது, காற்றும் வரும். வலை. எனக்குத் தோன்றவில்லை.

அவன் வாக்கியங்களில் ஒன்றுகூட ஒழுங்காக முடியவில்லை. நான் திருத்தவில்லை.

கிழிந்த பிளக்ஸ் பின்பக்கம் கிடந்தது. விறகை மூடவாவது ஆகும் என்று அவர் எடுத்து வைக்கப் பார்த்தார். நான் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

கிளமெண்ட் நேற்று வேலையை முடித்தான். தீ நீலமாக எரிகிறது. நான் போய் மூன்று முறை பார்த்துவிட்டேன். கம்பிவலைக்கு அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அடுத்த வாரம்தான் வருமாம். அதுவரை ஜன்னல் திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை அவர் குளிக்கப் போனார். நான் நடக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்துக் குளியலறைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது புது விதி. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

"வேதமுத்து!"

தண்ணீர் நின்றது.

"ஏய் சுகிர்தம், பேர் சொல்லிக் கூப்பிடுற? பெள்ளிராஜ் வீட்ல கேக்கப் போகுது."

"கேக்கட்டும். பதில் சொல்லுங்க."

உள்ளே கொஞ்ச நேரம் மௌனம். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்" என்றார்.

நான் சிரித்தேன், சத்தமாக. அவர் உள்ளிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்.

பிறகு, ஜன்னல் வழியாகக் குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். போகட்டும். தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.